குண்டு விழுந்தால் கோல் விழுமா?

எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்திருந்தார். யார் என்று சொல்லப் போவதில்லை. நல்ல மனிதர்தான், சொன்னதுதான் தப்பு. தருமபுரி வெயிலில் சாமியானா பந்தலுக்கு அடியில் இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு வந்தவர், மைக்கைப் பிடித்ததும் நேராக ஈராக்குக்குப் போய்விட்டார்.

"தம்பிகளா, ஈராக்குன்னு ஒரு நாடு. தெனம் குண்டு. காலையில வெளிய போனா சாயந்தரம் வீடு திரும்புவோமான்னு தெரியாது. அந்த நாட்டுல யூனிஸ் மஹ்மூத்துன்னு ஒரு பையன். ஆசியக் கோப்பையையே ஜெயிச்சுக் குடுத்தான். உங்களுக்கு என்ன குண்டா விழுது? மூணு வேளை சோறு, கையில செல்போன். அப்புறம் ஏன் முடியல? வெறி இல்ல. அதான்!"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன் (பழக்கதோஷம்). பக்கத்தில் இருந்தவன் மட்டும் தட்டாமல் என் காதில் கேட்டான்: "ஏண்டா, அப்ப நம்மூர்லயும் ரெண்டு குண்டு போட்டா ஜெயிச்சிருவோமா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்தும் போகவில்லை. இந்தப் பேச்சை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! ஆளும் ஊரும்தான் மாறும். தெருவிளக்கில் படித்தவர், செருப்பில்லாமல் ஓடியவர், குண்டுக்கு நடுவில் ஆடியவர். கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: கஷ்டப்பட்டால் ஜெயிக்கலாம், நீ ஜெயிக்கவில்லை என்றால் நீ போதுமான அளவு கஷ்டப்படவில்லை. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அது பொய். யாருக்கு அந்தப் பொய் வசதியாக இருக்கிறது என்று பார்த்தால், மைதானமும் கோச்சும் போட்டியும் கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான்.

சரி, அவர் எடுத்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கதையின் முதல் பாதி உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம்.

2007 ஜூலை. ஈராக்கில் தினமும் பிணம் விழுந்துகொண்டிருந்த காலம். சொந்த நாட்டில் ஆட முடியாது, அணி ஜோர்டானில் பயிற்சி எடுத்தது. பிரேசில்காரரான பயிற்சியாளர் ஜோர்வான் வியெய்ரா பொறுப்பேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. அணியில் ஷியா, சுன்னி, குர்து என்று எல்லாரும் இருந்தார்கள். கோலாலம்பூரில் நடந்த அரை இறுதியில் தென் கொரியாவைப் பெனால்டியில் வென்றார்கள். அதைக் கொண்டாட பாக்தாத் தெருக்களில் இறங்கிய கூட்டத்தில் கார் குண்டுகள் வெடித்து சுமார் 50 பேர் செத்தார்கள். கோப்பையே வேண்டாம் என்று விலகிவிடலாமா என்றுகூட வீரர்கள் யோசித்ததாகச் சொல்வார்கள். விலகவில்லை. ஜூலை 29, ஜகார்த்தா, இறுதி ஆட்டம், எதிரில் சவூதி அரேபியா. இரண்டாம் பாதியில் ஹவார் முல்லா முகமது என்ற குர்து வீரர் கார்னர் அடிக்கிறார், கேப்டன் யூனிஸ் மஹ்மூத் எகிறித் தலையால் முட்டுகிறார், கோல். 1-0. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஜெயித்த கையோடு, பாக்தாதுக்குத் திரும்பினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும், அமெரிக்கப் படை தன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். இதைப் படிக்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

இனி விருந்தினர் விட்டுவிட்ட இரண்டாம் பாதி.

1983-இல் கிர்குக் பக்கம் பிறந்த இந்தப் பையன், குண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பந்தை உதைத்து நேராக ஜகார்த்தாவுக்குப் போய்விடவில்லை. பாக்தாத்தில் ஒரு கிளப்பில் சேர்ந்தார். அதன் பெயர் அல் தலபா. அரபியில் 'மாணவர்கள்' என்று அர்த்தம்! பல்கலைக்கழக மாணவர்களை ஒட்டி உருவான அணி. 2001-02 சீசனில் ஈராக் லீக்கை ஜெயித்தது அந்த மாணவர் அணிதான். அந்த லீக் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல, 1974-லிலிருந்து நடக்கிறது. அதில் ஆடிய அணிகளைப் பாருங்கள்: விமானப்படைக்கு ஒன்று (அல் குவா அல் ஜவியா, 1931-இல் தொடங்கியது), போலீசுக்கு ஒன்று (அல் ஷுர்தா), போக்குவரத்துத் துறையோடு சேர்ந்தது ஒன்று (அல் ஜவ்ரா). போர், பொருளாதாரத் தடை, மறுபடி போர். நடுவில் சில சீசன் பாதியில் நின்றிருக்கலாம், ஆனால் லீக் என்ற ஒன்று இருந்தது. ஒரு சிறுவன் 16 வயதில் ஓர் அணிக்குப் போய்க் கதவைத் தட்ட முடிந்தது.

அதற்குப் பிறகு? பக்கத்திலேயே வளைகுடா. யூனிஸ் முதலில் அமீரகத்தில் அல் வஹ்தாவுக்குப் போனார், பிறகு கத்தாரில் அல் கோர், அதன்பின் அல் கராஃபா. அங்கே சம்பளம் ஒழுங்காக வரும், வாரா வாரம் போட்டி இருக்கும், எதிரில் தென் அமெரிக்காவிலிருந்து காசு கொடுத்து இறக்கிய டிஃபென்டர்கள் நிற்பார்கள். 2007 ஜூலையில் ஜகார்த்தாவில் எகிறிய அந்த மனிதர் கத்தார் லீக்கில் கோல்களைக் குவித்துவிட்டு வந்த முழுநேரத் தொழில்முறை ஸ்ட்ரைக்கர். 2016-இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 148 சர்வதேச ஆட்டம், 57 கோல். வெறியால் மட்டும் 148 ஆட்டம் ஆட முடியாது ஐயா. ஆட்டம் என்று ஒன்று நடந்தால்தான் ஆட முடியும்.

அந்த அணியில் பாதிப் பேரைப் பற்றி இதையே சொல்லலாம். 2000-இல் ஆசிய இளைஞர் கோப்பையை ஈராக் வென்றிருக்கிறது. அதே பயிற்சியாளர் அத்னான் ஹமாத் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கும் அணியைக் கூட்டிப்போனார், நாலாவது இடம் வந்தது. ஆக, 2007 என்பது ஏழு எட்டு வருடமாகச் சேர்ந்தே வளர்ந்த ஒரு கூட்டத்தின் வெற்றி. திடீரென்று வந்த அற்புதம் இல்லை.

"அடியாத மாடு படியாது" என்பது நம் ஆட்கள் பலருக்கு வேதவாக்கு. அதை நிஜமாகவே சோதித்துப் பார்த்த ஒருவன் உண்டு, சதாமின் மகன் உதய். ஈராக் ஒலிம்பிக் கமிட்டியும் கால்பந்துச் சங்கமும் அவன் கையில் இருந்தன. தோற்றால் வீரர்களுக்குச் சிறை, மொட்டை, உள்ளங்காலில் அடி. கஷ்டம் வீரனை உருவாக்கும் என்றால் 1990-களில் ஈராக் உலகக் கோப்பையையே தூக்கியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 1980, 84, 88 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் போன நாடு, 1986-இல் உலகக் கோப்பை ஆடிய நாடு (அதில் பெல்ஜியத்துக்கு எதிராக அஹ்மத் ராதி அடித்ததுதான் அந்தத் தொடரில் அவர்களின் ஒரே கோல்), அதற்குப் பிறகு உதய் தொலையும் வரை ஒரு ஒலிம்பிக்கையும் பார்க்கவில்லை. அவன் 2003-இல் செத்தான். அடுத்த வருடம் நாலாவது இடம். இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

இந்தக் கஷ்ட வியாபாரிகளுக்கு இப்போது புதுச் சரக்கு ஒன்றும் கிடைத்திருக்கிறது, அய்மன் ஹுசைன். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக இரண்டு கோலையும் அடித்து 2-1 என்று ஜெயிக்க வைத்தவர். அந்தத் தொடரில் மொத்தம் 6 கோல். அவருடைய அப்பாவை 2008-இல் அல் கொய்தா கொன்றது, அண்ணனைப் பிற்பாடு ஐ.எஸ். கடத்திப் போனது. அடுத்த விளையாட்டு விழாவில் யாராவது இதைச் சொல்லி நம்மைத் திட்டப்போவது உறுதி. சொல்கிறவர் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். அந்த வீட்டுக்கு நடந்தது கால்பந்துப் பயிற்சியா? அது நடக்காமல் இருந்திருந்தால் அவர் கோல் குறைவாக அடித்திருப்பாரா? அடுத்தவன் வீட்டுச் சாவை எடுத்து நமக்கு ஊக்க மருந்தாகக் கொடுப்பதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது!

அதே தொடரில் இந்தியாவும் ஆடியது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. ஆனால் இதற்கு நாலு மாதம் முன்புதான், 2023 செப்டம்பரில் தாய்லாந்து கிங்ஸ் கோப்பையில், இதே ஈராக்கோடு 2-2 என்று ஆடி பெனால்டியில் தோற்றோம். அந்த ஆட்டத்தில் கடைசி நேரத்தில் பெனால்டியில் சமன் செய்து ஈராக்கைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? அதே அய்மன் ஹுசைன். ஆக, அவர்கள் ஏதோ வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. 1993-இல் ஆசியக் கோப்பை வின்னர்ஸ் கப்பில் நம் ஈஸ்ட் பெங்கால், பாக்தாத்தின் அல் ஜவ்ராவை 6-2 என்று வெளுத்திருக்கிறது, கார்ல்டன் சாப்மன் ஹாட்ரிக். அதற்கும் முன்னால், 2007-இல் யூனிஸ் தலையால் முட்டினாரே, அதே ஜகார்த்தா ஸ்டேடியத்தில்தான் 1962 ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த ஸ்டேடியம் கட்டப்பட்டதே அந்தப் போட்டிக்காகத்தான். அப்போது இந்தியாவில் என்ன குண்டு விழுந்துகொண்டிருந்தது?

"நம்மூரில் கஷ்டப்பட்டு வந்த ஸ்ட்ரைக்கர் எவன் இருக்கான்?" என்று கேட்பீர்கள். இருக்கிறார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், ஆனால் ரவுடியாகத் தெரிந்தவர். 'திமிரு' படத்தில் விஷாலோடு மோதுவாரே, அந்த முரட்டு ஆள், நினைவிருக்கிறதா? 'கொம்பன்', 'பிகில்' படங்களிலும் வருவார். ஐ.எம்.விஜயன். கால்பந்தை வைத்தே எடுத்த 'பிகில்' படத்தில், இந்தியாவின் மகத்தான ஸ்ட்ரைக்கர்களில் ஒருவரைக் கூட்டிவந்து அவர் கையில் பந்தைக் கொடுக்காமல் ரவுடி வேஷம் கொடுத்தார்கள். தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன, எனக்கே அதற்கு ஒரு வருடம் முன்புதான் தெரியும்.

விஜயன் 1969-இல் திருச்சூரில் பிறந்தார். பரம ஏழைக் குடும்பம். திருச்சூர் நகராட்சி ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும்போது கேலரியில் சோடா விற்ற பையன், ஒரு பாட்டிலுக்கு பத்துப் பைசா. விருந்தினர் கேட்கும் கஷ்டம் அத்தனையும் இருக்கிறது, கஷ்டத்தில் குறை சொல்லவே முடியாது. அப்படியென்றால் அவரை மேலே தூக்கியது அந்த சோடா பாட்டிலா? அதே கேலரியில் சோடா விற்ற மற்றப் பையன்கள் எங்கே?

விஜயனைத் தூக்கியது கேரள போலீஸ். 1987-இல், 18 வயது ஆகியும் ஆகாமலும் இருந்த பையனுக்கு, ஆட்டம் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலை கொடுத்தார்கள். அப்போது போலீஸ் ஒரு பெரிய அணியையே கட்டிக்கொண்டிருந்தது. சத்யன், ஷரஃபலி, பாப்பச்சன் என்று பெயரைச் சொன்னால் மலையாளிகள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். 1990, 1991 இரண்டு வருடமும் ஃபெடரேஷன் கோப்பை அந்த போலீஸ் அணிக்கு. வீட்டில் அடுப்பு எரிய மாதச் சம்பளம், காலையில் பயிற்சி, சுற்றிலும் நல்ல ஆட்டக்காரர்கள். நம் மாநிலத்திலும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது பதக்கம் வாங்கிவிட்டு வருகிறவனுக்கு. விஜயனுக்கு வேலை கிடைத்தது பதக்கத்துக்கு முன்னால். இந்த 'முன்னால்', 'பின்னால்' வித்தியாசத்தில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் அத்தனை பேரும் காணாமல் போகிறார்கள்.

சரி, போலீசும் சம்பளமும் கிடைத்த விஜயன் ஏன் யூனிஸ் மஹ்மூத் ஆகவில்லை? திறமை குறைவா? மூன்று முறை இந்தியாவின் சிறந்த வீரர் (1993, 1997, 1999). 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக 12-வது நொடியில் கோல். 2003-இல் ஹைதராபாத் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில், 34 வயதில், 4 கோல் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார். குறை காலில் இல்லை. அவர் உச்சத்தில் இருந்தபோது இந்தியாவில் தேசிய லீக் என்ற ஒன்றே கிடையாது! ஈராக்கில் 1974-இல் வந்தது நமக்கு 1996 டிசம்பரில் வந்தது. அப்போது அவருக்கு 27 வயது. அதுவரை கோப்பைப் போட்டிகள்தான், ஊர் ஊராக சர்க்கஸ் மாதிரி. தோற்றால் மறுநாள் ரயில்.

லீக் வந்த பிறகு மட்டும் என்ன வாழ்ந்தது? முதல் லீக்கை ஜெயித்தது பஞ்சாபின் ஜே.சி.டி., விஜயனும் பூட்டியாவும் சாப்மனும் ஆடிய அணி. 2011-இல் அதை மூடிவிட்டார்கள். அடுத்து கொச்சியில் 1997-இல் எஃப்.சி. கொச்சின் என்று ஒரு தொழில்முறை கிளப் ஆரம்பித்தார்கள். விஜயன் போனார், அதே வருடம் டூரண்ட் கோப்பை. நம் தமிழ்நாட்டு ஸ்ட்ரைக்கர் ராமன் விஜயனும் அங்கே இருந்தார், 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான் (இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்). ஐந்தே வருடத்தில் பணமில்லை, வீரர்களுக்குச் சம்பள பாக்கி, கடை சாத்தியாகிவிட்டது. யூனிஸ் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்கு ஏறிக்கொண்டே போனார். விஜயன் ஆடிய கிளப்புகள் அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டே வந்தன.

இந்தியாவுக்காக அவர் எத்தனை கோல் அடித்தார் என்று தேடிப் பாருங்கள். ஒரு பட்டியலில் 29, இன்னொன்றில் 40. கோலை அடித்தவன் அடித்துவிட்டான், அதை எண்ணி எழுதி வைக்கக்கூட இந்த நாட்டில் ஆள் இல்லை. கிரிக்கெட்டில் ரஞ்சி ஆட்டத்தில் மூன்று ரன் அடித்தவனுடைய கணக்கைக்கூட இன்று எடுக்கலாம்! ஃபிபா தரவரிசையில் இந்தியா எட்டிய உச்சம் 94-வது இடம், 1996 பிப்ரவரியில். அதாவது விஜயன் ஆடிய காலத்தில். பத்மஸ்ரீ கொடுக்க நமக்கு 2025 வரை ஆனது. அந்த வருடம் ஏப்ரலில்தான் போலீஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

அதெல்லாம் பழைய கதை, இப்போது ஐ.எஸ்.எல். வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், மறுபடி கூப்பிட்டார்கள். கோல் அடிக்க வேறு ஆள் இல்லை! வந்தவர் மாலத்தீவுக்கு எதிராகத் தன் 95-வது கோலை அடித்தார். 140 கோடிப் பேர் நாட்டில் ஒரு ஸ்ட்ரைக்கருக்காக ஓய்வு பெற்றவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். காரணம் எளிது. பெரும்பாலான கிளப்புகள் முன்வரிசையில் வெளிநாட்டுக்காரரை நிறுத்துகின்றன. காசு போட்டவனுக்கு உடனே கோல் வேண்டும், இந்தியப் பையன் விங்கில் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறான். 2025 ஜூலையில் ஒப்பந்தத் தகராறில் அந்த லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் சம்பளத்தை நிறுத்துவதாக அறிவித்தது, நம் சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தியது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் 1-2, நவம்பரில் பங்களாதேஷிடம் 0-1. 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. இதில் வீரர்களின் வெறி எங்கே குறைந்தது, யாராவது சொல்லுங்கள்.

"எல்லாத்துக்கும் கிரிக்கெட்தான் காரணம்" என்று இன்னொரு சோம்பேறிப் பதில் உண்டு. அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொல்லப்போனால் என் கட்சிக்கு நல்ல சாட்சியே கிரிக்கெட்தான். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். அம்மா ரோட்டோரம் சில்லி சிக்கன் கடை போட்டவர், டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பையன். மேடைக்கு மேடை அவருடைய வறுமையைத்தான் பேசுகிறார்கள். யாரும் படிக்கட்டைப் பேசுவதில்லை. சென்னை லீக்கில் நாலாவது டிவிஷன், அங்கிருந்து முதல் டிவிஷன், 2015-இல் ரஞ்சி, 2016-இல் டி.என்.பி.எல்., 2017-இல் மூன்று கோடிக்கு ஐ.பி.எல்., 2020-இல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு. ஒவ்வொரு படியிலும் நாலு பேர் பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள், அடுத்த படிக்கு அனுப்பினார்கள். நாலாவது டிவிஷன் என்ற ஒன்று இல்லாமல் போயிருந்தால்? இன்றும் சின்னப்பம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை யார்க்கர் போட்டுக்கொண்டிருப்பார், நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது.

அப்படிப் பெயர் தெரியாமல் போன ஒருவனை எனக்குத் தெரியும். என்னோடு பள்ளியில் படித்தவன். பத்தாம் நம்பர் என்றே வைத்துக்கொள்வோம். (ஸ்ட்ரைக்கருக்கு ஒன்பதாம் நம்பர்தானே என்பீர்கள். எங்கள் பள்ளியில் அந்தச் சட்டையை எவனும் போட மாட்டான், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கேவலமான கேலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) அரூர் பக்கம் ஒரு கிராமம். இடது கால் ஆட்டக்காரன். பெனால்டி பாக்ஸுக்குள் பந்து வந்தால், நிமிர்ந்து பார்க்காமலே கோல் போஸ்ட் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நான் கோல் கீப்பர், அதனால் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அவன் பள்ளிக்காக ஆடிய மொத்த ஆட்டம் எத்தனை என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். மூன்று வருடத்தில் ஏழு. குறுவட்டப் போட்டி நாக்-அவுட் முறையில் நடக்கும், தோற்றால் அந்த வருடம் முடிந்தது. ஒன்பதாவதில் இரண்டு ஆட்டம். பத்தாவதில் பொதுத்தேர்வு, அதனால் அனுப்பவே இல்லை. பதினொன்றில் நாலு, அதில் அவன் 5 கோல். பன்னிரண்டில் ஒன்று. இந்த ஏழு ஆட்டத்தையும் மாவட்டத்துக்கு வெளியே இருந்து வந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. பாக்தாத்தில் இளம் யூனிஸ் ஒரு சீசனில் ஆடியது இதைவிட எத்தனை மடங்கு இருக்கும்!

மைதானம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரிய மைதானம். மாசி பங்குனியில் ஒரு பாதியில் புளி காயும், பிறகு மீதிப் பாதியில்தான் நாங்கள். பி.டி. மாஸ்டர் ஒருவர், எழுநூறு பிள்ளைகளுக்கு. அவரையும் பாதி நாள் வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பி.டி. பீரியடை கணக்கு சார் வாங்கிக்கொள்வார். "சார், ஒரு நாளாச்சும் விடுங்க சார்" என்று கெஞ்சினால், "பந்தா சோறு போடும்?" என்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் மாவட்டம் பத்தாவது ரிசல்ட்டில் கீழே இருந்தால் திட்டு வாங்குவது அவர்தான். கால்பந்தில் கீழே இருந்தால் யாரும் யாரையும் திட்டுவதில்லை.

பத்தாம் நம்பர் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அப்பா இல்லை, தங்கை படிக்கிறாள். கஷ்டம் என்றால் இதுவும் கஷ்டம்தானே? வெறி என்றால், பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து ரூம் வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பதும் வெறிதானே? விருந்தினர் கேட்ட இரண்டும் அவனிடம் இருக்கின்றன. அவனிடம் இல்லாதது ஒரு நாலாவது டிவிஷன்.

நான் ஒன்றும் ஸ்டேடியம் கேட்கவில்லை, வெளிநாட்டுக் கோச்சும் கேட்கவில்லை. தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என்று ஊருக்கு ஒரு பள்ளி அணி. நாக்-அவுட்டை எடுத்துவிட்டு எல்லாரும் எல்லாரோடும் இரண்டு முறை ஆடட்டும். ஆறு அணி என்றால் ஒவ்வொருவனுக்கும் வருடத்துக்குப் பத்து ஆட்டம். பஸ் காசு, பந்து, ஒரு ரெஃப்ரி, யார் எத்தனை கோல் என்று எழுதி வைக்க ஒரு நோட்டு. விளையாட்டு விழாவுக்கு சாமியானா போட்ட காசில் பாதி ஆகுமா?

விழா முடிந்து டீ குடிக்கும்போது அந்த விருந்தினரிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, யூனிஸ் மஹ்மூத் எந்த கிளப்புக்கு ஆடினாருங்க?"

"கிளப்பு கிடக்குது தம்பி. மனசு வேணும், மனசு" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்பாகத்தான் தட்டினார். நானும் "சரிங்க ஐயா" என்று வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

போன வாரம் பழைய பள்ளிப் பக்கம் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு பி.டி. பீரியட் இன்னும் கணக்கு சாரிடம்தான் இருக்கிறதாம்.